கருமுட்டையின் மேல் ஏற்றிய பழி

(ஆடிப்பெருக்கை ஒட்டி ஒகேனக்கல்லில் ஆசிரியர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், ஊர்மக்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆடி பதினெட்டுக்கு ஒகேனக்கல் வருகிறவர்கள் அருவியில் குளிக்க வருவார்கள், எண்ணெய் தேய்த்துக்கொள்ள வருவார்கள், பரிசல் ஏற வருவார்கள், மீன் வறுவல் சாப்பிட வருவார்கள். கருமுட்டையைப் பற்றிக் கேட்க யாரும் வருவதில்லை. ஆனாலும் இந்தத் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான நாளும் இடமும் கிடைக்காது. புதுவெள்ளம் வரும் நாளில் காவிரியை மசக்கைக்காரியாக நினைத்து, சித்திரான்னம் செய்து படைப்பது நம் பெண்களின் வழக்கம். சூல் கொள்வதைக் கொண்டாடுகிற ஊர் இது. சூல் கொள்ளவில்லை என்பதற்காகவும், கொண்ட சூல் பெண்ணாகப் பிறந்தது என்பதற்காகவும் பெண்களை வதைத்த தருமபுரி மாவட்டமும் இதுதான்.

இந்த வதைக்கு வரதட்சணை, நிலம், கொள்ளி வைக்க ஆண்பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் எனக் காரணங்கள் பல. அறிவியல் பாடம் நடத்தினால் அத்தனையும் ஓடிப்போகும் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் யார் தலையில் பழியைப் போடலாம் என்று தேடியவர்களுக்கு, கருமுட்டையைப் பற்றிய நம் அறியாமை வசதியாக ஓர் இடத்தைக் காட்டிக் கொடுத்தது. கருமுட்டை என்னென்ன செய்கிறது, எதை அது தீர்மானிப்பதே இல்லை என்ற இரண்டை மட்டும் இன்று பார்ப்போம். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

முதலில் இந்த ஆற்றைக் கேட்போம். கட்லா, ரோகு, மிர்கால் என்று நாம் வளர்க்கிற பெருங்கெண்டைகள் குளத்தில் கொழுக்கும், வயிறு முட்டச் சினை வைக்கும். ஆனால் தேங்கிய நீரில் முட்டையிடாது. மழைக்காலத்தில் ஆறு பெருகி ஓடினால்தான் இடும். மீன் குஞ்சு வேண்டுமானால் ஆற்றில் போய் வலை கட்டித்தான் பிடித்தாக வேண்டும் என்ற நிலைமை நம் நாட்டில் வெகுகாலம் இருந்தது. 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி அதை மாற்றினார். மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை எடுத்துச் சினைமீனுக்கு ஊசியாகப் போட்டார். குளத்து மீன் முட்டையிட்டது. புதுவெள்ளம் வந்துவிட்டது என்று அதன் மூளை சொல்லியிருக்க வேண்டிய செய்தியை ஊசி சொல்லிவிட்டது. இன்று மீன் பண்ணைகளில் உற்பத்தியாகிற கோடிக்கணக்கான குஞ்சுகளுக்கு வழிதிறந்தது அந்த ஊசிதான். அதனால்தான் ஜூலை 10-ஐ மீன் வளர்ப்போர் நாளாக நாடு கொண்டாடுகிறது.

மீனை ஏன் இழுத்தேன் என்றால், கட்டளை பிறக்கும் இடம் மீனுக்கும் மனுஷிக்கும் ஒன்றே. குழந்தையில்லாத தம்பதி மருத்துவமனைக்குப் போனால் பெண்ணுக்கு வரிசையாக ஊசி போடுகிறார்களே, அவையும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் செய்தியைத்தான் சொல்கின்றன. மற்றதெல்லாம் வேறு. மீன் லட்சக்கணக்கில் முட்டையை நீரில் விடும், ஆண்மீன் அதன்மேல் விந்தை விடும், பிழைத்தது பிழைக்கட்டும் என்று இரண்டும் போய்விடும். மனித உடம்பில் மாதத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் வெளியே வருகிறது. அந்த ஒன்றின் பின்னால் உள்ள தயாரிப்பு மிக நீண்டது.

எவ்வளவு நீண்டது என்று சொல்கிறேன். இங்கே கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் கவனியுங்கள். உங்கள் மடியில் இருக்கும் குழந்தைக்குக் காரணமான கருமுட்டை உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு உண்டானதல்ல. நீங்கள் வயதுக்கு வந்தபோது உண்டானதும் அல்ல. நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் சில மாதக் கருவாக இருந்தபோதே அது உண்டாகிவிட்டது. அப்படியானால், மடியிலிருக்கும் பிள்ளையின் ஒரு பாதி அதன் பாட்டியின் வயிற்றிலேயே சில மாதம் இருந்திருக்கிறது.

கரு உண்டான 5, 6 வாரத்தில், பின்னாளில் முட்டையாக வேண்டிய ஆதி செல்கள் சினைப்பை உருவாகும் இடத்துக்கு நகர்ந்து வந்து சேர்கின்றன. வந்த இடத்தில் பெருகுகின்றன. 20-ஆவது வாரத்தில் பெண்கருவின் இரண்டு சினைப்பைகளிலும் சேர்த்து 60 முதல் 70 லட்சம் வரை இருக்கும். அதுதான் உச்சம். அதன்பிறகு குறைவுதான். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பெண் வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். மாதவிலக்கு நின்றுபோகும் வயதில் ஆயிரம் அளவில் மிஞ்சும். இத்தனையில் வாழ்நாள் முழுவதும் பக்குவமாகி வெளியே வருபவை 400 முதல் 500 மட்டுமே. மற்றவை சினைப்பையிலேயே கரைந்து போகின்றன. கர்ப்பமாக இருந்தாலும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் இந்தக் கரைதல் நிற்பதில்லை.

ஆணின் கணக்கு வேறு. விந்தணு ஒன்று உருவாக இரண்டரை மாத அளவு பிடிக்கும். வயதுக்கு வந்த நாளிலிருந்து அது தினமும் கோடிக்கணக்கில் புதிது புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கும். 35 வயது ஆணின் விந்தணுவுக்குச் சில மாத வயது. 35 வயதுப் பெண்ணின் கருமுட்டைக்கு 35 வயதுக்கும் மேல்.

அத்தனை ஆண்டும் அந்த முட்டை என்ன செய்கிறது? நம் உடம்பின் செல்களில் 46 குரோமோசோம்கள் உண்டு. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 வந்து சேர வேண்டுமானால், முட்டையும் விந்தணுவும் தம்மிடம் உள்ளதைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். இதற்குக் குன்றல் பிரிவு என்று பள்ளிப் பாடத்தில் பெயர். பெண்கரு வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைகள் இந்தப் பிரிவைத் தொடங்கிவிடுகின்றன. குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, ஒன்றின் துண்டை இன்னொன்றோடு மாற்றிக்கொள்கின்றன. பெண்ணின் அம்மாவழிச் சொத்தும் அப்பாவழிச் சொத்தும் கலப்பது அங்கேதான். கலந்த கையோடு பிரிவு பாதியில் நின்றுவிடுகிறது. 12 ஆண்டு நிற்கலாம், 30 ஆண்டு நிற்கலாம், 45 ஆண்டும் நிற்கலாம். எந்த மாதம் அந்த முட்டைக்கு முறை வருகிறதோ, அந்த மாதம்தான் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

இந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் கருப்பருவத்தில் பூட்டப்பட்டவை, பின்னால் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆண்டுகள் ஏற ஏற பிடி தளர்கிறது. பிரியும்போது குரோமோசோம் ஒன்று கூடவோ குறையவோ போய்விடுகிறது. 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக வந்தால் டவுன் சிண்ட்ரோம். 20 வயதுத் தாய்க்கு இது ஏறத்தாழ 1,500 பிரசவத்தில் ஒன்று, 35 வயதில் 350-இல் ஒன்று, 40 வயதில் 100-இல் ஒன்று. வயது கூடினால் கருச்சிதைவு கூடுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதைச் சொன்னதும் பின்வரிசையில் யாராவது, அதனால்தான் பொண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் பண்ணிவிட வேண்டும் என்கிறோம் என்று நினைக்கலாம். கூடாது. நான் சொன்ன சிக்கல் 35-க்குப் பிறகு மெல்ல மெல்லக் கூடுவது. 15, 16 வயதுக் கல்யாணத்துக்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை. 18 வயதுக்கு முன் கர்ப்பமானால் இடுப்பெலும்பு முழுமையாக வளர்ந்திருக்காது. ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, எடை குறைந்த குழந்தை என்று ஆபத்துகள் வரிசையாக நிற்கும். இந்த மாவட்டத்துச் செவிலியர்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பெண் படித்து முடித்து, வேலை பார்த்து, 25 வயதில் திருமணம் செய்துகொண்டால் அவள் முட்டை எங்கும் ஓடிவிடாது.

இனி ஒரு மாதத்தின் கதைக்கு வருவோம். சினைப்பையில் ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் செல்களால் ஆன ஓர் உறை இருக்கிறது. ஸ்கேன் எடுக்கும் டாக்டர்கள் ஃபாலிக்கிள் என்பார்கள், நாம் முட்டைப்பை என்போம். இந்த மாதம் வெளியே வரப்போகும் முட்டையின் கடைசிக் கட்ட வளர்ச்சியே ஏறத்தாழ 3 மாதத்துக்கு முன் தொடங்கிவிட்டது. மாதத் தொடக்கத்தில் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனை அனுப்பும். ஒரு கூட்டம் முட்டைப்பைகள் ஒரே நேரத்தில் வளரும். அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அந்த ஈஸ்ட்ரோஜன் மூளைக்குப் போய், எஃப்.எஸ்.ஹெச். போதும், குறைத்துக்கொள் என்று சொல்லும். குறைந்ததும் மற்றவை வாடிவிடும். முந்திக்கொண்டது 20 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து நிற்கும். ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போனதும் அதே சுரப்பியிலிருந்து எல்.ஹெச். ஹார்மோன் வெள்ளமாக வரும். வரத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டைப்பை உடைந்து முட்டை வெளியேறும்.

அந்த 36 மணி நேரத்துக்குள், பல ஆண்டாக நின்றிருந்த பிரிவு மறுபடி தொடங்குகிறது. குரோமோசோம்கள் இரண்டு பங்காகப் பிரிகின்றன. ஆனால் சரிபாதிப் பங்கீடு குரோமோசோமுக்கு மட்டும்தான். உணவு, புரதம், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா ஆகிய எல்லாவற்றையும் முட்டை தன்னிடமே வைத்துக்கொண்டு, மிச்சக் குரோமோசோம்களைச் சின்ன உருண்டையாக ஓரத்தில் தள்ளிவிடுகிறது. விந்தணு உண்டாகும்போது ஒரு செல்லிலிருந்து நான்கு கிடைக்கும். முட்டையோ நான்கின் பங்கையும் ஒன்றுக்கே சேர்த்து வைக்கிறது. அதனால்தான் மனித உடம்பிலேயே பருத்த செல் அது. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். விந்தணுவைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும்.

இங்கே செவிலியர்களுக்கு இரண்டு குறிப்பு. ஒன்று, முட்டை 14-ஆம் நாள்தான் வெளிவரும் என்று மனப்பாடமாகச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாள் முன்னால் வரும் என்பதுதான் பொருந்தும். 35 நாள் சுழற்சி உள்ளவளுக்கு அது 21-ஆம் நாளாக இருக்கும். இரண்டு, நீர்க்கட்டி என்று ஸ்கேனில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பல பெண்கள் ஆபரேஷன் பண்ண வேண்டுமா என்று அழுதுகொண்டு வருகிறார்கள். பிசிஓடி எனப்படும் இந்த நிலையில் தெரிபவை பெரும்பாலும் வளர்ச்சி பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள்தான். முன்னோடி ஒன்று தேறி வராததால் எல்லாம் சிறிதாகத் தேங்கி நிற்கின்றன. உடல் எடையைக் குறைத்தாலே பலருக்குச் சுழற்சி சரியாகிறது. மாத்திரையால் இன்னும் பலருக்குச் சரியாகிறது.

வெளியே வந்த முட்டையைக் கருக்குழாயின் விரல் போன்ற நுனிகள் வாரி எடுத்துக்கொள்கின்றன. அதற்குக் கிடைத்த அவகாசம் 12 முதல் 24 மணி நேரம். விந்தணுவோ பெண்ணின் உடம்புக்குள் 5 நாள் வரைகூட உயிரோடு இருக்கும். எனவே முட்டை வருவதற்கு முந்திய சில நாட்களும் வந்த நாளும்தான் கரு உண்டாகும் காலம்.

கருவுறுதலைப் பற்றி நம் தலைமுறைக்குச் சொல்லித்தந்த கதை ஒன்று உண்டு. கோடி விந்தணுக்கள் ஓட்டப்பந்தயம் ஓடுகின்றன, வீரன் ஒருவன் முதலில் வந்து கோட்டைக் கதவை உடைக்கிறான், முட்டை காத்துக்கிடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பார்த்தவர்கள் சொல்வது அப்படியில்லை. புதிதாக வந்த விந்தணுவால் முட்டையைத் துளைக்கவே முடியாது. பெண்ணின் உடம்புக்குள் சில மணி நேரம் இருந்து, அங்குள்ள நீர்மங்களால் பதப்பட்ட பிறகே அதற்கு அந்தத் தகுதி வருகிறது. அமெரிக்காவில் எம்.சி.சாங், ஆஸ்திரேலியாவில் சி.ஆர்.ஆஸ்டின் என்ற இருவரும் தனித்தனியாக இதை 1951-இல் கண்டுபிடித்தார்கள். இது தெரியாததால்தான் அதற்கு முன் கண்ணாடிப் பாத்திரத்தில் கருவுறச் செய்யும் முயற்சிகள் தோற்றுக்கொண்டிருந்தன. கோடிக்கணக்கில் புறப்பட்டவற்றில் முட்டையின் அருகே வருவது சில நூறுதான். வழியில் வடிகட்டுவது பெண்ணின் உடம்பு. முட்டையைச் சூழ்ந்து வரும் நீர்மம் விந்தணுக்களை இழுப்பதிலும் வேறுபாடு காட்டுகிறது. ஒரு பெண்ணின் நீர்மம் ஓர் ஆணின் விந்தணுக்களையும், இன்னொருத்தியுடையது வேறொருவனுடையதையும் கூடுதலாக ஈர்ப்பதாக 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

முட்டையைச் சுற்றி ஒளி ஊடுருவும் கெட்டியான உறை ஒன்று உண்டு. அதைக் கடந்து வந்த விந்தணுவை முட்டையின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம் பிடித்துக்கொள்கிறது. விந்தணுவின் பக்கம் இருக்கும் புரதத்தை 2005-இல் ஜப்பானியர்கள் கண்டறிந்து, திருமணத்துக்குப் பேர்போன தங்கள் கோயிலான இசுமோவின் பெயரை வைத்தார்கள். முட்டையின் பக்கம் இருக்கும் புரதத்தை 2014-இல் இங்கிலாந்தில் கண்டறிந்து ஜூனோ என்று பெயரிட்டார்கள். ரோமானியர்களின் திருமண தெய்வம் அது. இசுமோவும் ஜூனோவும் பிணைந்தால்தான் கரு. ஒரு விந்தணு உள்ளே வந்த மறுகணம் முட்டைக்குள் கால்சியம் அலை அலையாகப் பரவுகிறது. மேற்பரப்பின் அடியில் இருக்கும் நுண்பைகள் வெடித்து வெளியுறையை இறுக்குகின்றன. ஜூனோவை முட்டை முக்கால் மணி நேரத்துக்குள் உதறிவிடுகிறது. இனி இன்னொருவனுக்கு இடமில்லை. இரண்டு விந்தணுக்கள் புகுந்தால் குரோமோசோம் கணக்குத் தப்பி, கரு நிலைக்காது.

இன்னொன்றையும் பாருங்கள். முட்டை தன் இரண்டாவது பிரிவை விந்தணு வந்த பிறகுதான் முடிக்கிறது. பாட்டி வயிற்றில் தொடங்கிய வேலை, கரு உண்டான அன்றுதான் முடிகிறது. பிறகு தாயின் 23-உம் தந்தையின் 23-உம் சேர்கின்றன. விந்தணு கொண்டுவந்தது அந்த 23 குரோமோசோம், முட்டையை விழிக்கச் செய்யும் ஒரு புரதம், செல் பிரிய உதவும் ஒரு நுண்ணுறுப்பு. மற்றதெல்லாம் முட்டையுடையது. கரு 2, 4, 8 செல்லாகப் பிரியும் முதல் 3 நாள் அளவும் அதை நடத்துவது முட்டை முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளைகள்தான். மைட்டோகாண்ட்ரியாவும் தாயுடையதே. விந்தணுவோடு வந்த மைட்டோகாண்ட்ரியாவை முட்டை அழித்துவிடுகிறது. இந்த மேடையில் இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் ஆணானாலும் பெண்ணானாலும் நம் செல்களில் எரிவது அம்மா தந்த அடுப்பு, அவளுக்கு அவள் அம்மா தந்தது. 6, 7 நாளில் அந்தக் கரு கருப்பைச் சுவரில் ஒட்டிப் பதிகிறது.

ஆண் விதைக்கிறான், பெண் வெறும் விளைநிலம் என்று உலகில் பல இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம்பினார்கள். கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார். விந்தணுவை ஹாலந்துக்காரர் லீவன்ஹூக் 1677-இலேயே பார்த்துவிட்டார். பாலூட்டிகளின் முட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் பார்த்தது 1827-இல், அதுவும் நாயின் சினைப்பையில். உருவத்தில் பருத்ததைப் பார்க்க 150 ஆண்டு பிந்திவிட்டார்கள்! முட்டையின் உட்கருவும் விந்தணுவின் உட்கருவும் ஒன்று சேர்வதை ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியில் 1876-இல் பார்த்துச் சொன்னார். அந்த நாளோடு விதை, நிலம் என்ற பேச்சு முடிந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் இன்னும் முடியவில்லை.

முட்டை செய்வதைச் சொல்லிவிட்டேன். அது தீர்மானிக்காதது எது என்று இப்போது கேளுங்கள். அதற்கும் இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையத்தைப் பார்க்காமல் ஒகேனக்கல்லிலிருந்து பிள்ளைகள் திரும்புவதில்லை. அங்கே இருக்கும் நன்னீர் முதலைக்கு ஆண் குரோமோசோம், பெண் குரோமோசோம் என்று எதுவும் கிடையாது. மணலில் புதைத்த முட்டையின் சூடுதான் தீர்மானிக்கும். சென்னை அருகே உள்ள முதலைப் பண்ணையில் ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ரோமுலஸ் விட்டேகர் மூவரும் செய்து 1989-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை ஒரே சூட்டில் வைத்த முட்டைகளில் பிறந்தவை எல்லாம் பெண். 32.5 டிகிரியில் எல்லாம் ஆண். முதலை உலகத்தில் யாரையாவது பழிக்க வேண்டுமென்றால் வெயிலைத்தான் பழிக்க வேண்டும்.

மனிதருக்கு அப்படியில்லை. பெண்ணின் செல்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். அவள் முட்டை எதை எடுத்துக்கொண்டாலும் எக்ஸ்தான், வேறு கொடுக்க அவளிடம் இல்லை. ஆணிடம் ஒரு எக்ஸ், ஒரு ஒய். அவன் விந்தணுக்களில் ஏறக்குறையப் பாதி எக்ஸைச் சுமக்கும், பாதி ஒய்யைச் சுமக்கும். எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண், ஒய் வந்து சேர்ந்தால் ஆண். இதை 1905-இல் மாவுப்புழுவை ஆராய்ந்து சொன்னவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. நூறாண்டுக்கு மேல் பழைய செய்தி, பள்ளிப் புத்தகத்தில் இருக்கிற செய்தி.

அந்தச் செய்தி புத்தகத்தில் இருந்தபோதே நம் மாவட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது. 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் தருமபுரியில் 6 வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். மாநில அளவு 942. 2011-இல் அந்த 826 என்பது 913 ஆக ஏறியது. செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பெண்கள் குழுக்கள், தண்டனை வாங்கித்தந்த அதிகாரிகள் எல்லோருக்கும் அந்த ஏற்றத்தில் பங்குண்டு. ஆனாலும் 913 என்பதும் 943 என்ற மாநில அளவுக்குக் கீழேதான். கருவிலேயே ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது. ஸ்கேன் மையத்துச் சுவரில் அந்தப் பலகை தொங்குகிறது. பலகைக்குப் பின்னால் நடப்பதைக் கண்காணிக்க வேண்டியவர்கள் நாம்.

அடுத்த பழி, பிள்ளையே இல்லை என்பது. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்துக் குறையும் சேர்ந்திருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, கத்தி இல்லை, செலவும் குறைவு. இருந்தாலும் பெண்ணுக்கு ஸ்கேன், கோயில், மந்திரித்த கயிறு, மறுபடி ஸ்கேன் என்று நான்கு வருஷம் ஓடிய பிறகுதான் மாப்பிள்ளை பரிசோதனைக்கு வருகிறார். சில வீடுகளில் அதற்குள் இரண்டாம் கல்யாணமே முடிந்துவிடுகிறது.

கண்ணாடிப் பாத்திரத்தில் கருவுறச் செய்யும் முறையால் உலகின் முதல் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் துர்கா என்ற பெயரில் உலகம் அறிந்த குழந்தை பிறந்தது. அதைச் சாத்தியமாக்கியவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை வளரச் செய்தது, கருவை உறையவைத்துப் பிறகு கருப்பையில் வைத்தது என்று அவர் செய்தவை இன்று உலகெங்கும் அன்றாட நடைமுறை. அன்றைய அரசுக் குழு நம்பவில்லை, ஏளனம் செய்தது, கண் மருத்துவ நிறுவனத்துக்கு அவரை மாற்றினார்கள். 1981 ஜூன் 19-இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986 ஆகஸ்டில் மும்பையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி.சி.ஆனந்த்குமாரும் பெற்ற வெற்றியே நாட்டின் முதல் வெற்றியாகப் பதிவானது. முகோபாத்யாயின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்து, முதலில் செய்தவர் நானல்ல, அவரே என்று 1997-இல் எழுதியவரும் அதே ஆனந்த்குமார்தான். சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் முயற்சியில் 1990-இல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. இப்போது சேலத்திலும் ஈரோட்டிலும் தெருவுக்குத் தெரு கருத்தரிப்பு மையப் பலகைகள்.

முட்டையின் அருமை தெரிந்ததும் அதற்குச் சந்தையும் வந்துவிட்டது. 2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் வயதைப் போலி ஆவணத்தால் கூட்டிக்காட்டி, அவள் கருமுட்டையைப் பலமுறை எடுத்து விற்றது வெளியே வந்தது. பெற்ற தாயே கைதானார். 2021-இல் நிறைவேறி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், முட்டை தானம் செய்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான், அதிலும் 7 முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது என்கிறது. அளவுக்கு மீறிய ஹார்மோன் ஊசியால் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதால்தான் இந்தக் கட்டு. பணக்கஷ்டம் உள்ள வீட்டுப் பெண்ணிடம் தரகர் வந்து பேசினால், இந்த மூன்று வரம்புகளும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முடிக்கும் முன் மூன்று வேண்டுகோள். ஆசிரியர்களே, பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து நடத்துங்கள். செவிலியர்களே, பிள்ளையில்லை என்று ஒரு பெண் வந்தால் கணவரின் பரிசோதனைச் சீட்டு எங்கே என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். மாமியார்மார்களே, மூன்றாவதும் பொண்ணா என்று யாராவது இழுத்தால், என் மருமகளிடம் கொடுக்க எக்ஸ் மட்டும்தான் இருந்தது, மீதி என் மகன் கொடுத்தது என்று நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

தீர்ப்பை உங்களிடம் விட்டிருந்தேன். பெண்ணின் மேல் போட்ட பழி செல்லாது என்று சொல்வீர்கள். சரி. அதற்காக அதைத் தூக்கி ஆணின் தலையில் வைத்துவிடாதீர்கள். கோடிக்கணக்கில் புறப்பட்டதில் எக்ஸ் வந்து சேருமா ஒய் வந்து சேருமா என்பதை அவனும் தேர்ந்தெடுக்கவில்லை. பெண்ணாகப் பிறப்பது குற்றம் என்று வைத்துக்கொண்டதால்தானே குற்றவாளியைத் தேடினோம்? பிறந்ததில் குற்றமே இல்லை. இந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு, பிறந்த பெண்ணை நன்றாகச் சாப்பிடவைத்து, படிக்கவைத்து வளருங்கள்.